எல்லாவற்றையும் ஒருத்தியே நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை

கேள்வியின் சுருக்கம்: வீடு காரைக்குடியில். தேவகோட்டையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை. கணவருக்குத் திருச்சியில் வேலை. திங்கள் விடியற்காலை கிளம்பினால் வெள்ளி இரவுதான் திரும்புகிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. முழங்கால் வலியோடு அயித்தையும் (மாமியார்) உடன் இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுத்தும், தினம் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. கால அட்டவணை போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. போதாததற்கு வாரம் ஒரு விசேஷம். பிள்ளைகளுக்கு அபாகஸ், கீபோர்டு, இந்தி. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் "தினம் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பதினெட்டு மணி நேரம் விழித்திருந்து வேலை செய்துவிட்டு, செய்த நூறை விட்டுவிட்டு விட்டுப்போன ஒன்றை எண்ணிக்கொண்டு படுக்கிறீர்கள். நான் கோட்டையூரில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வங்கியின் ஊழியர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். "குழந்தைக்குக் காய்ச்சல்" என்று எழுதிக் கேட்டவர்கள் அநேகமாகப் பெண்கள். ஆண்கள் கிரகப்பிரவேசத்துக்கும் தங்கை கல்யாணத்துக்கும் கேட்டார்கள். திறமையில்லாத பெண்கள் யாரும் அதில் இல்லை. எல்லோரும் உங்களைப் போலவே அட்டவணை போட்டவர்கள்தான்.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நல்ல அட்டவணை இல்லாதது பிரச்சினை இல்லை. ஒரு வீட்டின் அத்தனை விஷயங்களும் ஒரே தலைக்குள் இருக்கின்றன. அந்தத் தலையிலிருந்து சிலவற்றை முழுசாக இறக்கி வேறொருவரிடம் கொடுக்காதவரை எந்த அட்டவணையும் நிற்காது.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே எத்தனை பேர் என்று பார்த்தால், பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். பிள்ளை, முதியோர் பராமரிப்பு இதில் சேராது, அது தனிக் கணக்கு. ஆனால் இந்த 299 நிமிடம் பெரும்பாலும் கையால் செய்வதுதான். மனசுக்குள் ஓடுவதை எந்தக் கணக்கெடுப்பும் நிமிடமாக எழுதிவிட முடியாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019ல் வெளியிட்ட ஆய்வு இந்த மனசுக்குள் ஓடும் வேலையை நான்காகப் பிரித்தது. தேவை வரப்போகிறது என்று முன்னாலேயே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்பது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது. முடிவெடுக்கும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவி தலையில் இருந்தன.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணி. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் "நாளை நீர் சுழற்சி, சார்ட் பேப்பரில் வரைந்து கொண்டுவரவும்" என்று வருகிறது. செக்காலை ரோட்டில் கடை அடைக்கும் நேரம். வீட்டில் சார்ட் இருக்கிறதா என்று பீரோவுக்கு மேலே தேடுகிறீர்கள். ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் போன வருடத்துச் சூரியக் குடும்பம். அதைத் திருப்பிப் போட்டால் ஆகுமா என்று யோசிக்கிறீர்கள். மகளை எழுப்புவதா, காலையில் ஐந்துக்குப் பதில் நாலரைக்கு எழுந்து வரைய வைப்பதா என்று யோசிக்கிறீர்கள். ஸ்கெட்ச் பேனா காய்ந்திருக்கிறது. கணவர் போனில் கேட்கிறார், "என்ன பண்றே?" "ஒண்ணுமில்ல." கணக்கெடுப்பில் இது "ஒண்ணுமில்ல" என்றுதான் பதிவாகும்.

கணவர் வாரம் முழுக்க வெளியூரில் இருப்பதைப் பெரிய தடையாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் அது புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் மூன்று வருடத் தவணைக்குப் போனார்கள். வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள். ஆனால் அந்த ஆச்சியோடு ஒரே வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய வீட்டில்) மாமியார், ஓரகத்திகள், வீட்டோடு இருந்த உறவுக்காரப் பெண்கள், சமையலாள், தண்ணீர் எடுக்க ஆள் என்று எத்தனையோ கைகள் இருந்தன. அவர் ஒன்பது மணிக்குப் பேருந்து பிடித்துப் போய் மாலை வரை கவுண்டரில் உட்காரவும் இல்லை. "ஆச்சிமார் ஒத்தையில சமாளிக்கலையா?" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஒத்தையில் இல்லை. விருந்தாளி வந்தால் இரண்டு பலகாரம், விசேஷத்துக்கு முதல் நாளே போய் நிற்பது என்ற வழக்கமெல்லாம் அத்தனை கைகள் இருந்த காலத்தில் உண்டானவை. வழக்கம் அப்படியே நிற்கிறது, கைகள்தான் குறைந்துபோயின.

அதே பழைய வீடுகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனையும் மருமகளையும் கொஞ்ச காலத்தில் வேறு வைப்பார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீடு, அதே வளவு. அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, வருடத்துக்குத் தேவையான நெல், சாமான், செலவுக்குப் பணம். அதற்குப் பிறகு அந்த அடுப்பில் இன்று குழம்பா ரசமா என்று மாமியார் கேட்பதில்லை. நல்ல நாள் வந்தால் எல்லாரும் ஒன்றாக ஆக்கிச் சாப்பிடுவார்கள். பொறுப்பைக் கொடுக்கும்போது அதற்கு வேண்டிய பொருளையும் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள், கொடுத்தபின் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதைத்தான். வேலையைத் துண்டு துண்டாக ஏவாமல், ஒரு விஷயத்தை முழுசாக ஒருவர் பேருக்கு எழுதிவிடுங்கள்.

கணவரிடம் இப்போது என்ன நடக்கிறது? "நீ சொன்னாச் செய்யறேன்ல" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்வதற்கு நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், சரியான நேரத்தில் சொல்ல வேண்டும், செய்தாரா என்று பார்க்க வேண்டும். டாமிங்கர் சொன்ன முதலாவதும் கடைசியும் அப்படியே உங்களிடம் நிற்கின்றன. இப்படிப் பேசிப் பாருங்கள்:

"ஏங்க, சொல்றதே எனக்கு ஒரு வேலையா இருக்கு. பள்ளிக்கூட விஷயத்தை முழுசா நீங்க எடுத்துக்கங்க. குரூப்பைப் பார்க்கறது, ஃபீஸ் தேதி, சார்ட்டு, பேரண்ட்ஸ் மீட்டிங், எல்லாம். என்கிட்ட என்ன தேவையோ அதை நீங்க எனக்குச் சொல்லுங்க."

"நான் திருச்சியில இருந்துக்கிட்டு எப்படி?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு வீட்டு வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: ஆள் வீட்டில் நின்றால்தான் நடப்பது, எங்கிருந்தும் நடப்பது. குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, தட்டில் போடுவது எல்லாம் முதல் வகை. அவர் அங்கே இல்லாததால் அது உங்கள் மேல் விழுகிறது. இன்றைக்கு அதை மாற்ற முடியாது. அப்படியானால் இரண்டாம் வகை முழுக்க அவர் பேருக்குப் போவதுதான் நியாயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், கேஸ் பதிவு, பள்ளிக் கட்டணம், பிள்ளைகளின் ஆட்டோக்காரரோடு பேசுவது, அயித்தையின் முழங்கால் டாக்டருக்கு நேரம் வாங்குவது, மாத்திரை தீரும் முன் வாங்க ஏற்பாடு செய்வது, மளிகைக் கடைக்கு லிஸ்ட் அனுப்புவது, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்ற கணக்கு, தடுப்பூசி. உங்கள் மகனுக்கு 5 முதல் 6 வயதுக்குள் டிபிடி இரண்டாம் ஊக்க ஊசி உண்டு. மகளுக்கு 10 வயதில் டெட்டனஸ்–டிப்தீரியா ஊசி. இரண்டும் இப்போது உங்கள் தலைக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இரண்டையும் அவர் போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். ஊசி போட அழைத்துப் போவது சனிக்கிழமை அவரே செய்யக்கூடியது.

கொடுத்த பிறகு எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு புதன்கிழமை வெள்ளைச் சீருடை வேண்டும் என்ற செய்தியை அவர் பார்க்காமல் விட்டுவிடுவார், மகள் நீலச் சீருடையில் போய் நிற்பாள். நீங்கள் குறுக்கே விழுந்து காப்பாற்றாதீர்கள். ஆசிரியை கேட்டால், "அப்பாகிட்ட பேசுங்க மிஸ், பள்ளி விஷயம் அவங்கதான் பாக்கறாங்க" என்று சொல்லுங்கள். அடுத்த புதன் அவருக்குத் தானாக நினைவிருக்கும். உயிர், உடம்பு, பரீட்சை இந்த மூன்றில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அங்கே உடனே தலையிடுங்கள்.

அயித்தையை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் அவரும் ஒரு பாரமாகத் தெரிகிறார். அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் முழங்கால் வலிக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் அவருக்கும் வருத்தம், உங்களுக்கும் வேலை. நின்று செய்யும் வேலை வேண்டாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் இடைப்பலகாரத்தை முழுசாக அவருக்கு விட்டுவிடுங்கள். பருப்பும் உளுந்தும் அரிசியும் வறுத்து அரைத்த கும்மாய மாவு டப்பாவில் இருந்தால், கருப்பட்டியும் நெய்யும் விட்டுக் கிண்டிக் கொடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. உயரம் குறைந்த மேசையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக் கொடுத்தால் உட்கார்ந்தே செய்வார். அவர் கும்மாயம் கொடுத்தாலும் சரி, பிஸ்கட் கொடுத்தாலும் சரி, ஆறரைக்கு வீடு வந்து "என்ன குடுத்தீங்க?" என்று விசாரிக்காதீர்கள். பிள்ளையார் நோன்பும் அப்படித்தான். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளும் தவறாமல் நூல் இழை எடுத்து வைப்பதை அப்பத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் நினைவிலிருந்து அது ஒன்று கழியும், பேத்திக்கும் முறை தெரிந்துவிடும்.

ஒன்பது வயதுப் பெண் புத்தகப்பை அடுக்கலாம், தண்ணீர்ப் பாட்டில் நிரப்பலாம், மறுநாள் சீருடையை எடுத்து வைக்கலாம். ஐந்து வயதுப் பையன் தட்டு எடுத்து வைத்து, சாப்பிட்டதும் கொண்டுபோய்த் தொட்டியில் போடலாம். பையனை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் பழக்கினால், இன்னும் இருபத்தைந்து வருடம் கழித்து இதே கேள்வியை உங்கள் மருமகள் எழுதுவாள்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். நீங்கள் போட்டது ஏன் நிற்கவில்லை? அதில் மூச்சு விட இடமில்லை. கனடாவில் 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். வேலை தெரிந்தவர்கள்கூடத் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நீங்கள் "காலைச் சமையல் 45 நிமிடம்" என்று எழுதியிருப்பீர்கள். அது எல்லாம் ஒழுங்காக நடந்த ஒரு நாளின் கணக்கு. கேஸ் தீராமல், மாவு புளிக்காமல், பையன் அடம் பிடிக்காமல் இருந்த நாள். இனி எதை எழுதினாலும் அதோடு பாதியைக் கூட்டி எழுதுங்கள். அப்படிக் கூட்டினால் நாள் கொள்ளாது என்பது உங்களுக்கே தெரியும். எதை எடுக்க வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் நேராக வரும்.

புதிதாக அட்டவணை போடும் முன் ஒரே ஒரு வாரம், ஒரு சின்ன நோட்டில் செய்ததை மட்டும் எழுதுங்கள். செய்ய வேண்டியதை எழுத வேண்டாம். பேருந்தில் போகும்போது எழுதலாம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே அதற்குப் போதுமான நேரம் இருக்கிறது. "வீட்டுக்குத் தேடினது", "நினைச்சுக்கிட்டே இருந்தது" என்று இரண்டு வரியையும் கட்டாயம் எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்த நோட்டைக் கணவர் கையில் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

மாலையில் பேருந்து ஏறும் முன் இன்னொன்றும் செய்யலாம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் காட்டியது இது: ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது, முந்தைய வேலையின் மிச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது. விட்ட இடத்தையும் திரும்ப வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியத்தையும் எழுதி வைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்று பின்னால் அவரே இன்னொருவரோடு சேர்ந்து காட்டினார். கிளையிலிருந்து கிளம்பும் முன் ஒரு துண்டுத்தாளில் "ரெண்டு கடன் கோப்பு மேனேஜர் கையெழுத்துக்கு, காலையில முதல்ல இது" என்று எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டு வாருங்கள். மகன் உங்கள் மடியில் உட்கார்ந்து கதை சொல்லும்போது அந்தக் கோப்பு நடுவில் வராது.

அட்டவணையை உடைப்பது பெரும்பாலும் காய்ச்சல்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் பலமுறை சளி, காய்ச்சல் வருவது இயல்பு. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு, ஒவ்வொரு முறையும் காலை ஆறு மணிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திட்டம் போடக் கூடாது. இப்போதே பேசி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். முதல் முறை யார் விடுப்பு, இரண்டாம் முறை யார்? திருச்சிக்கும் காரைக்குடிக்கும் 90 கிலோமீட்டர்தான். முதல் நாள் இரவே தெரிந்தால் அவர் கிளம்பி வந்துவிட முடியும். மாதக் கடைசி, காலாண்டு முடிவு போன்ற நாட்களில் உங்களால் விடுப்பு எடுக்க முடியாது. அந்த நாட்கள் அவர் முறை. அவருடைய ஆலையிலோ அலுவலகத்திலோ அப்படி நாட்கள் இருந்தால் அவை உங்கள் முறை. அயித்தை தனியாகப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கும் சின்னச் சளி எது, டாக்டரிடம் போக வேண்டியது எது என்று டாக்டரிடமே ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் அட்டவணையைவிட உங்களுக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

விசேஷங்கள். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, புதுமனை, காதுகுத்து, பங்காளி வீட்டில் முன்னோருக்குப் படைப்பு, பிறகு மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம், சித்திரை வைகாசியில் கொப்புடையம்மன் தேர், தையில் பழனிக்கு நடக்கிறவர்களைக் குன்றக்குடியில் பார்த்து அனுப்புவது. ஆடியும் மார்கழியும் வந்தால்தான் முகூர்த்தம் இல்லாமல் கொஞ்சம் ஓய்வு. இதில் எதையும் அற்பமாகப் பேச மாட்டேன். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் வந்து நிற்கப்போவது இந்தச் சொந்தங்கள்தான். முறை விட்டுப்போகக் கூடாது. ஆனால் எல்லா விசேஷத்துக்கும் குடும்பத்தோடு, முதல் நாளிலிருந்து, நீங்களே போக வேண்டும் என்று எந்த முறையிலும் இல்லை.

கேதத்துக்கு (சாவு வீட்டுக்கு) மறு யோசனையே வேண்டாம், போய்விடுங்கள். அலுவலகத்தில் அரைநாள் கேட்டாவது போங்கள். உடன்பிறந்தோர், அவர் உடன்பிறந்தோர், தாய்மாமன் வீட்டு நல்லதுகளுக்கு முழுக் குடும்பமும். மற்றவற்றில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும். சனி, ஞாயிறில் வந்தால் அந்த ஒருவர் உங்கள் கணவர். பிள்ளைகளில் ஒருவரை அவர் அழைத்துப் போகட்டும், அந்த நாலு மணி நேரம் உங்களுக்கு. வார நாள் முகூர்த்தமென்றால் அதிகாலை முகூர்த்தமாகப் பார்த்து, தாலி கட்டியதும் மொய் எழுதிவிட்டுப் பேருந்து ஏறுங்கள். வர முடியாததை முகூர்த்தத்துக்கு முதல் நாள் சொன்னால் வருத்தப்படுவார்கள். பத்திரிகை வைக்க வரும்போதே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வருத்தப்படுவதில்லை.

"ஆச்சி, முகூர்த்தத்துக்குக் கட்டாயம் வந்து நிப்பேன். முத நாளு கூடி ஆக்கி உண்ணலுக்கு மட்டும் வர ஏலாது, அன்னிக்கு எனக்கு லீவு இல்ல. அயித்தையை அனுப்பி வைக்கிறேன், கூட வச்சுக்கங்க."

இதில் "முயற்சி பண்றேன்" என்ற சொல் வரவே கூடாது. முயற்சி பண்றேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைத்தான் ஊரில் மறக்க மாட்டார்கள். விசேஷ வீட்டுக்குப் பலகாரம் செய்து கொண்டுபோக வேண்டிய முறை இருந்தால், ஊரில் நல்லபடியாகத் தேன்குழலும் அதிரசமும் மணகோலமும் செய்து தருகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது இன்னொரு குடும்பத்துக்கு வருமானம்.

பணம் கொஞ்சம் ஒதுக்க முடியுமென்றால், தினமும் திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு ஒதுக்குங்கள். பாத்திரம் தேய்க்கவும் வீடு கூட்டவும் ஒருவர் காலையில் வருவது, வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் எந்தப் பெரிய பொருளைவிடவும் உதவும். வருகிறவருக்கு வார விடுமுறையும் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் கொடுங்கள். அவரும் வேலைக்குப் போகும் ஒரு தாய்தான்.

பிள்ளைகளின் வகுப்புகளை நான் தூக்கத்திலிருந்து கணக்குப் போடுவேன். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் என்று தூக்க மருத்துவர்கள் 2016ல் வரையறுத்தார்கள். பையன் ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் படுத்தாக வேண்டும். ஏழரை வரை அபாகஸ் வகுப்பு இருந்தால் சாப்பாடு எப்போது, தூக்கம் எப்போது? ஐந்து வயதுக்கு அபாகஸை நிறுத்திவிடுங்கள், எந்த நஷ்டமும் இல்லை. மகளுக்கு மூன்றில் ஒன்று. எதை வைத்துக்கொள்வது என்று அவளையே கேளுங்கள். கீபோர்டு என்று சொன்னால் கீபோர்டு. இந்தி அவளுக்கு வேண்டுமென்றால் பெரியவளானதும் கற்றுக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு வகுப்புக்குப் போகிறது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு.

தூக்கக் கணக்கு உங்களுக்கும் உண்டு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நீங்கள் ஆறு மணி நேரம் படுக்கிறீர்கள். அதிலும் சார்ட் பேப்பர் ராத்திரிகள் இருக்கின்றன. இன்னொன்று: ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் மாலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் உங்கள் குணத்தால் வருவதாக இருக்காது. தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று வந்தும், வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக இரண்டு வரி. மத்திய அரசு வேலையில் இருக்கும் தாய்மார்களுக்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும்வரை, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தைக்கும் உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். பரீட்சைக் காலத்துக்கும் எடுக்கலாம், நோய்க்கு மட்டும் என்றில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்ற விதியை 2017ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் கிளை சிறியது, காப்பகம் அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேறு ஒன்றைக் கேட்கலாம்: காரைக்குடிக் கிளைக்கு மாற்றல். ஊழியர் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளின் வயது, கணவர் வெளியூரில் வேலை, வீட்டில் முதியவர் என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றல் பட்டியல் போடும்போது எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். வங்கிக்கு இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. வருகிற இரண்டாம் சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நோட்டோடு கணவரோடு உட்காருங்கள். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம் மாறட்டும், பள்ளி. அங்கேயே உட்கார்ந்து வாட்ஸ்அப் குழுவில் அவர் எண்ணைச் சேர்க்கச் சொல்லி ஆசிரியைக்குச் செய்தி அனுப்புங்கள். அவர் சேர்ந்ததும் நீங்கள் குழுவிலிருந்து வெளியேறிவிடுங்கள். அடுத்த மாதம் மருந்து, தடுப்பூசி, டாக்டர். அதற்கு அடுத்த மாதம் மொய்க் கணக்கு. காய்ச்சல் தாளை மட்டும் அந்த இரவே எழுதி ஒட்டிவிட்டுப் படுங்கள்.